மஞ்சள் அட்டை பிறந்த கதை

பெயர்தான் மஞ்சள் அட்டை. கையில் வாங்கிப் பார்க்க அட்டையும் கிடையாது, அதில் மஞ்சளும் கிடையாது. டென்மார்க்கில் பன்றி வளர்ப்பவர் ஒருவருக்கு அந்நாட்டுக் கால்நடை, உணவு நிர்வாகத் துறை அனுப்பும் ஆணை அது. கடந்த ஒன்பது மாதங்களில் உங்கள் பண்ணையின் ஆன்டிபயாட்டிக் செலவு சராசரியாக வரம்பைத் தாண்டியிருக்கிறது. இன்னும் ஒன்பது மாதம் தருகிறோம். அதற்குள் வரம்புக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். இவ்வளவுதான் அதன் சாரம்.

மருந்தே கொடுக்கக் கூடாது என்று அந்த ஆணை எங்கும் சொல்லவில்லை. சீக்கு வந்த பன்றியைச் சாகவிடு என்றும் சொல்லவில்லை. அது கேட்பது ஒரே கேள்வி: பக்கத்துப் பண்ணைக்காரருக்குப் போதுமான மருந்து உங்களுக்கு மட்டும் ஏன் போதவில்லை? இதைக் கேட்க வேண்டுமென்றால், பக்கத்துப் பண்ணைக்காரர் எவ்வளவு வாங்கினார் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாடு முழுக்க எவர் எவ்வளவு வாங்கினார், எந்த வயதுப் பன்றிக்கு, எந்த நோய்க்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உலகில் மிகச் சில அரசுகளுக்கே தெரிந்த சங்கதி இது. ஆகவே 2010-இல் பிறந்த இந்த அட்டையின் கதையை 2010-இலிருந்து சொன்னால் எதுவும் புரியாது. ஒரு தராசில் தொடங்கி, ஒரு பேரேட்டின் வழியாகத்தான் அதற்கு வந்து சேர முடியும்.

பெயரை மட்டும் முதலிலேயே முடித்துவிடலாம். அது கால்பந்து மைதானத்திலிருந்து வந்தது. 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடிய ஆட்டம் ரகளையில் முடிந்தது. நடுவர் யாரை எச்சரித்தார், யாரை வெளியே போகச் சொன்னார் என்று ஆடியவர்களுக்கே விளங்கவில்லை. நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டன் காரில் திரும்பும்போது, லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் சிக்னல் விளக்கு மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது. மொழி தெரியாதவனுக்கும் நிறம் தெரியும் என்று அவருக்கு அப்போது பொறி தட்டியது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்துவிட்டன. டென்மார்க்கோ 1992-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற நாடு. அங்கே ஒரு விவசாயிக்கு அந்த நிறத்துக்கு உரை எழுத வேண்டியிருக்கவில்லை.

இனி பன்றிக்கு வருவோம். டென்மார்க்கின் மக்கள்தொகை 60 லட்சத்தை ஒட்டியது. அங்கே ஆண்டுதோறும் வளர்த்தெடுக்கப்படும் பன்றிகள் ஏறத்தாழ 3 கோடி. இத்தனை பன்றிகளின் வாழ்க்கையிலும் ஆபத்தான நாள் ஒன்று உண்டென்றால், அது பால் மறக்கடிக்கும் நாள். காட்டுப்பன்றியின் குட்டி தாயை விட்டு மெல்ல மெல்ல, மூன்று நான்கு மாதங்களில் விலகும். இடையில் கிழங்கைத் தோண்டும், புழுவைத் தின்னும், பசித்தால் மறுபடி தாயிடம் ஓடும். பண்ணையில் அதற்கு நான்கு வாரம்தான். நான்காம் வாரத்தின் ஒரு காலையில் தாய் இருக்காது, பால் இருக்காது. வேறு தாய்களின் குட்டிகளோடு புதுக் கொட்டிலில் விடப்படும். யார் பெரியவன் என்று முதல் இரவு முழுக்கச் சண்டை. வாய்க்குக் கிடைப்பதோ உலர்ந்த தீவனம்.

பாலோடு போனது உணவு மட்டுமில்லை. தாய்ப்பாலில் இருந்த எதிர்ப்புப் புரதங்கள் குடலின் உட்சுவரைப் பூசி மெழுகியதுபோல் காத்துவந்தன. அவை ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. குட்டியின் சொந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் முதிரவில்லை. பட்டினியாலும் பயத்தாலும் குடலின் விரலிகள் குட்டையாகிவிடுகின்றன. அரைகுறையாகச் செரித்த புரதம் கீழே இறங்கிப் பெருங்குடலில் தேங்குகிறது. அங்கே ஈ. கோலை கிருமிக்கு விருந்து. கொக்கி போன்ற இழைகளால் குடல் சுவரைப் பற்றிக்கொள்ளும் சில ஈ. கோலை வகைகள் உண்டு. அவை கக்கும் நஞ்சு, குட்டியின் உடம்பிலுள்ள நீரையெல்லாம் குடலுக்குள் இழுத்துக் கழிச்சலாக வெளியேற்றிவிடும். காலையில் துள்ளிய குட்டி மறுநாள் கண் குழிந்து கிடக்கும். ஒரு குட்டிக்கு வந்தால் அந்தக் கொட்டில் முழுக்க வரும்.

இந்த இடத்தில் பண்ணைக்காரர் என்ன செய்வார்? சீக்கான குட்டியைப் பிடித்து ஊசி போடலாம். நானூறு குட்டிகள் இருக்கும் கொட்டகையில் அது நாள் முழுக்க வேலை. தண்ணீர்த் தொட்டியிலோ தீவனத்திலோ மருந்தைக் கலந்துவிட்டால் வேலை ஐந்து நிமிடம்தான். சீக்கான குட்டியும் குடிக்கும், சீக்கில்லாத குட்டியும் குடிக்கும். பன்றிப் பண்ணையின் ஆன்டிபயாட்டிக் பிரச்சினை பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் இருக்கிறது.

அந்த ஐந்து நிமிட வழியைக் காட்டியது ஒரு தராசு. 1948-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாள். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வகம். உதவியாளர்கள் விடுமுறையில் போயிருக்க, தாமஸ் ஜூக்ஸ் என்ற விஞ்ஞானி கோழிக்குஞ்சுகளைத் தானே ஒவ்வொன்றாக எடை போட்டுக்கொண்டிருந்தார். அவரும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் தேடியது மலிவான வைட்டமின் பி12. மீன்தூளும் இறைச்சித்தூளும் விலை ஏறிவிட்ட காலம் அது. சோயாவும் சோளமும் மட்டும் தின்ற கோழிகள் சவலையாகவே நின்றன. ஈரல் சாற்றில் இருக்கும் ஏதோ ஒன்று அவற்றை வளர்க்கிறது என்று தெரிந்திருந்தது. அந்த ஏதோ ஒன்று பி12 என்று அந்த ஆண்டுதான் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார்கள்.

அதே நிறுவனத்தின் தொழிற்சாலையில் வேறொரு பொருள் வாளி வாளியாக வீணாகிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற பிறகு லெடர்லியில் சேர்ந்த பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியல் பேராசிரியர், மிசௌரி பல்கலைக்கழக வயலொன்றின் மண்ணில் பொன்னிறமான ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்திருந்தார். 1945-இல் அவருக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தது. அதிலிருந்து வடித்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயர். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. மருந்தை வடித்தபின் மிஞ்சிய சக்கையில் பி12 இருக்கும் என்பது ஜூக்ஸின் கணிப்பு. குஞ்சுகளின் தீவனத்தில் அதைக் கொஞ்சம் கலந்தார். தராசு கணிப்பையும் மிஞ்சியது. சக்கை தின்ற குஞ்சுகள், ஈரல் சாறு தின்ற குஞ்சுகளைவிட எடை கூடியிருந்தன. பி12 மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. சக்கையில் தங்கிப்போன துளி மருந்துதான் காரணம் என்று தெளிய மேலும் சில மாதம் பிடித்தது.

அதற்குள் சக்கை விற்பனைக்குப் போய்விட்டது. பன்றிகளிடம் பலன் கோழியைவிடப் பளிச்சென்று தெரிந்தது. பால் மறந்த குட்டிகளின் கழிச்சல் அடங்கிற்று, எடை ஏறிற்று. 1950 ஏப்ரலில் பிலடெல்பியாவில் நடந்த வேதியியல் சங்கக் கூட்டத்தில் செய்தி வெளியானது. மறுநாள் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் அது இடம்பெற்றது. 1951-இல் கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமலே தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்க அமெரிக்க அரசு அனுமதித்தது. ஒரு டன் தீவனத்துக்குச் சில கிராம்தான். கிருமியைக் கொல்லப் போதாத அளவு. கிருமிக்குப் பாடம் நடத்தத் தாராளமாகப் போதும்! பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் நோபல் பரிசு வாங்கிய மேடையிலேயே எச்சரித்தது இந்த அரைகுறை அளவைப் பற்றித்தான். தீவன ஆலைகளின் இரைச்சலில் அந்தக் குரல் யாருக்குக் கேட்கும்?

ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. பின்னால் வரும் கதைக்கு அது முக்கியம். 1950-களிலேயே பிரிட்டனில் சிலர் ஒன்றைக் கவனித்தார்கள். பழைய, அழுக்கேறிய கோழிக் கூடங்களில் மருந்து எடையைக் கூட்டியது. புதிதாகக் கட்டிய சுத்தமான கூடத்தில் மருந்து தின்ற குஞ்சுக்கும் தின்னாத குஞ்சுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. மருந்து எப்படி எடையைக் கூட்டுகிறது என்பதில் இன்றும் விஞ்ஞானிகளிடையே வாதம் ஓயவில்லை. எனக்குத் தோன்றுவது இது: மருந்து புதிதாக எதையும் கொடுத்துவிடவில்லை. நெரிசலும் அழுக்கும் குட்டியிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்ததைத் திருப்பி வாங்கிக் கொடுத்தது. அப்படியென்றால் தீவனத்தில் கலந்த அந்தச் சில கிராம், கழுவாத தரைக்கும் அவசரமாகப் பிரித்த தாய்க்கும் கட்டிய கூலி. தராசு வரவை மட்டுமே காட்டும். செலவை எழுத வேறு ஏடு வேண்டும்.

செலவுக் கணக்கு முதலில் பிரிட்டனில் தெரிந்தது. 1960-களின் நடுவில் கன்றுக்குட்டிகளிடையே பல மருந்துகளுக்கும் அடங்காத ஒரு சால்மோனெல்லா பரவி மனிதர்களுக்கும் தாவியது. லண்டன் காலிண்டேல் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் இருந்த ஈ. எஸ். ஆண்டர்சன் அதன் தடத்தைப் பின்தொடர்ந்து சென்று, விடாமல் எழுதி, சண்டை போட்டு, அரசை ஒரு குழு அமைக்கவைத்தார். மைக்கேல் ஸ்வான் தலைமையிலான அந்தக் குழு 1969-இல் சொன்னது நியாயமான பேச்சு: மனிதருக்குக் கொடுக்கும் மருந்தை வளர்ச்சியூக்கியாகத் தீவனத்தில் கலக்காதீர்கள். மருந்து நிறுவனங்கள் இதை அப்படியே கேட்டுக்கொண்டன. மனிதருக்குக் கொடுக்காத மருந்துகளைத் தீவனத்துக்கென்றே கொண்டுவந்தன! அவற்றில் ஒன்று அவோபார்சின்.

மனிதருக்கு அவோபார்சினைக் கொடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் உடன்பிறப்பு வான்கோமைசின், எந்த மருந்தும் கைகொடுக்காத நோயாளிக்கு மருத்துவர் கடைசியாக எடுக்கும் மருந்து. ஒன்றை எதிர்க்கப் பழகிய கிருமி மற்றதையும் எதிர்க்கும். 1994-இல் டென்மார்க்கின் மருத்துவமனைகள் அத்தனையும் சேர்ந்து செலவிட்ட வான்கோமைசின் 24 கிலோ. அதே ஆண்டு அந்நாட்டுக் கோழி, பன்றித் தீவனத்தில் கலந்த அவோபார்சின் 24,000 கிலோ. இந்த இரண்டு எண்களைப் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்த பிறகு வாதிட அதிகம் மிச்சமில்லை. ஃபிராங்க் ஆரெஸ்ட்ரூப், ஹென்ரிக் வேகனர் போன்ற ஆய்வாளர்கள் பண்ணைக் கோழிகளிலும் பன்றிகளிலும் வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் கிருமியைக் கண்டார்கள். 1995 மே மாதம் அவோபார்சினுக்குத் தடை வந்தது. கால்நடை, உணவு, மனிதர் மூன்றிலும் கிருமிகளின் எதிர்ப்பைச் சேர்த்துக் கண்காணிக்கும் டான்மாப் திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது.

இன்னொரு சட்டமும் அந்த ஆண்டில் வந்தது. வெளியே அதிகம் பேசப்படாதது. அதுவரை கால்நடை மருத்துவரே மருந்தை எழுதிக்கொடுப்பார், அவரே விற்பார், விற்ற லாபம் அவர் வருமானத்தில் கணிசமான பங்கு. அந்த லாபத்தைச் சட்டம் பெயரளவுக்குச் சுருக்கிவிட்டது. பண்ணைக்கு மாதாமாதம் போய் ஆலோசனை சொல்வதற்குக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. எழுதும் கையையும் கல்லாப்பெட்டியையும் பிரித்ததுதான் இந்தக் கதையில் மிகவும் புத்திசாலித்தனமான காரியம் என்பேன். எழுதுபவரே விற்பவராக இருக்கும் ஊரில் எந்த நிற அட்டையை நீட்டினாலும் பலிக்காது.

பன்றிகளிடம் ஒரு வேடிக்கை நடந்தது. அவோபார்சினை நிறுத்தியதும் கோழிகளில் அந்த அடங்காத கிருமி மளமளவென்று குறைந்தது. பன்றிகளில் அசையவே இல்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளாக ஏறத்தாழ 20 சதவீதத்திலேயே நின்றது. ஆராய்ந்தபோது, பன்றித் தீவனத்தில் டைலோசின் என்ற வேறொரு வளர்ச்சியூக்கி இன்னும் கலந்துகொண்டிருந்தது தெரிந்தது. கிருமிக்குள் டைலோசினை எதிர்க்கும் மரபணுவும் வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும் ஒரே டிஎன்ஏ வளையத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்குப் போட்ட தீனியில் மற்றதும் பிழைத்துக்கொண்டது. 1998-இல் டைலோசினும் நின்றது. 2000-இல் அந்த 20 சதவீதம் 6 ஆயிற்று.

வளர்ச்சியூக்கிகளை முற்றாக நிறுத்தியது அரசல்ல, தொழில்காரர்களே. 1998 பிப்ரவரியில் 35 கிலோவுக்கு மேற்பட்ட பன்றிகளுக்கு, 1999 முடிவதற்குள் குட்டிகளுக்கும். ஒரு நாட்டின் பண்ணைக்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஒன்றைக் கைவிடுவது எப்படிச் சாத்தியம் என்று கேட்கலாம். 1887-இல் ஹார்சென்ஸ் நகரில் விவசாயிகள் முதல் கூட்டுறவுப் பன்றி இறைச்சி ஆலையைத் தொடங்கியதிலிருந்து அங்கே பன்றித் தொழிலே கூட்டுறவுதான். இறைச்சிக்கூடம் அவர்களுடையது, ஏற்றுமதி அவர்களுடையது. வாங்கும் வெளிநாட்டுக்காரர் முகம் சுளித்தால் நஷ்டமும் எல்லோருக்கும். தவிர, கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்வீடன் 1986-லேயே தடை செய்திருந்தது. அதுவும் விவசாயிகளின் சங்கமே கேட்டு வாங்கிய தடை. குட்டிகளின் கழிச்சலில் ஸ்வீடன் முதல் சில ஆண்டுகள் பட்ட பாட்டையும் டென்மார்க்காரர்கள் பார்த்திருந்தார்கள்.

அதே பாடு அவர்களுக்கும் வந்தது. பெரிய பன்றிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் கூடிற்று, வளர்ச்சி சற்றே தளர்ந்தது. கணக்குப் பார்த்தவர்கள் ஒரு பன்றிக்கு ஏறத்தாழ ஒரு யூரோ கூடுதல் செலவு என்றார்கள். 1994-இல் கால்நடைகளுக்கு மொத்தம் 206 டன்னாக இருந்த ஆன்டிபயாட்டிக், 2001-இல் 94 டன்னுக்கு இறங்கியது. பாராட்டுகள் குவிந்தன. உலகச் சுகாதார நிறுவனம் வல்லுநர்களைக் கூட்டி வந்து பார்த்து அறிக்கை எழுதியது.

அந்த 94-க்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. வளர்ச்சியூக்கி பூஜ்யமாகியிருந்தது, வைத்தியத்துக்கான மருந்து கூடியிருந்தது. தீவன ஆலையின் வாசல் வழியே போனது, மருந்துச் சீட்டின் ஜன்னல் வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. இது ஊகமாகவே முடிந்திருக்கும், 2000-இல் அந்தப் பேரேடு திறக்கப்படாமல் இருந்திருந்தால்.

அதன் பெயர் வெட்ஸ்டாட். மருந்துக்கடையில் கால்நடை மருந்து விற்கும்போதே பதிவு. கால்நடை மருத்துவர் தன் கையால் கொடுத்தாலும் பதிவு. தீவன ஆலை மருந்து கலந்து அனுப்பினாலும் பதிவு. எந்த மருந்து, எவ்வளவு, எந்தப் பண்ணை எண், எந்த வயது, எந்த உறுப்பு நோய் என்று அத்தனையும். பண்ணைக்காரரே தன் கணக்கைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

கிலோ கணக்கில் எழுதினால் ஒன்றும் புரியாது. ஒரு மருந்து ஒரு கிலோ கொடுக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று நூறு கிராம் போதும். ஆகவே அலகை மாற்றினார்கள்: ஒரு பன்றிக்கு ஒரு நாளைக்கான மருந்து ஒரு வேளை. நூறு பன்றிகள் உள்ள கொட்டகையில் ஒரு நாளைக்கு எத்தனை வேளை செலவாகிறது என்பதே கணக்கு. 28 என்றால், எந்த நாள் போய்ப் பார்த்தாலும் நூறில் 28 குட்டிகள் மருந்தில் இருக்கின்றன என்று பொருள். இப்படிச் சொன்னபோது அமைச்சருக்கும் புரிந்தது, பத்திரிகைக்காரருக்கும் புரிந்தது. ஒரு கொட்டகையில் நூறு ஆரோக்கியமான குட்டிகளைக் காட்டி, இவற்றில் கால்வாசிக்கு மேல் இன்று மருந்து குடிக்கின்றன என்றால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

பேரேடு பத்தாண்டு ஓடிற்று. கோடு மேலேயே போயிற்று. பன்றிகளின் எண்ணிக்கை கூடியது ஒரு காரணம். அது மட்டும் போதாது என்று எண்களே சொல்லின. பண்ணைக்குப் பண்ணை வித்தியாசம் வேறு மலைக்க வைத்தது. ஒரே வட்டாரம், ஒரே இனம், ஒரே தீவனம். ஒருவர் கொடுப்பதைப்போல் இன்னொருவர் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார். 2010-இல் ஹென்ரிக் ஹோய் உணவுத்துறை அமைச்சராக இருந்தபோது அரசு வரம்பு கட்டியது. தாய்ப்பன்றிகளும் பால்குடிக் குட்டிகளும்: நூற்றுக்கு 5.2 வேளை. பால் மறந்த குட்டிகள்: 28. கொழுக்க வைக்கும் பன்றிகள்: 8. இவை கடுமையான வரம்புகள் அல்ல. அன்றைய சராசரியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோட்டின் உச்சியில் இருந்தவர்கள் மட்டுமே அகப்படுவார்கள். அவர்களுக்கு ஒன்பது மாத அவகாசம், அதுதான் மஞ்சள். அதிலும் குறையாவிட்டால் திடீர் சோதனை. அதற்கான செலவும் பண்ணைக்காரர் தலையிலேயே. அப்புறமும் குறையாவிட்டால் சிவப்பு: கொட்டகையில் பன்றிகளின் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும்.

அந்தச் சிவப்புத் தண்டனையை யோசித்தவர் யாராக இருந்தாலும் நோய் எங்கே பிறக்கிறது என்று அறிந்தவர். அபராதம் என்று வைத்திருந்தால் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நெரிசலைக் குறை என்றதும் தண்டனையும் வைத்தியமும் ஒன்றாகிவிட்டன.

முதல் ஆணை யாருக்கும் போய்ச் சேரும் முன்பே மருந்து விற்பனை சரியத் தொடங்கிற்று. அறிவிப்பே போதுமாயிருந்தது. 2010-இன் நடுவிலிருந்து ஓராண்டில் பன்றிகளுக்கான ஆன்டிபயாட்டிக் ஏறத்தாழ 25 சதவீதம் விழுந்தது. பட்டியலில் தன் பெயர் எந்த இடத்தில் வரும் என்ற கூச்சம் ஒரு பக்கம், சோதனை பற்றிய பயம் ஒரு பக்கம். சங்கங்கள் முணுமுணுத்தன. மாட்டுக்காரருக்கு இல்லாத சட்டம் எங்களுக்கு ஏன் என்பதில் தொடங்கி, நோய்ப்பட்ட குட்டி துடிக்கும்போது எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பது வரை. கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. வரம்புக்கு அருகே நிற்கும் ஒருவர் கொடுக்க வேண்டிய ஊசியைத் தள்ளிப்போடும் ஆபத்து இந்த ஏற்பாட்டில் உண்டு.

கொட்டகைக்குள் என்ன மாறியது? முதலில், கொட்டகை முழுக்க மருந்து என்ற பழக்கம் ஆட்டம் கண்டது. சீக்கான குட்டியைக் கண்டுபிடிக்கும் கண் தேவைப்பட்டது. வேலையாளுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. குடல் சுவரைத் தடிக்கவைக்கும் லாசோனியா, குட்டிகளை உருக்கும் சர்க்கோவைரஸ், இருமலில் தொடங்கும் மைக்கோபிளாஸ்மா ஆகியவற்றுக்குத் தடுப்பூசிகள் ஏற்கெனவே இருந்தன. இப்போது அவற்றின் விலை திடீரென்று அதிகமாகத் தெரியவில்லை. தீவனத்தில் புரதத்தைக் குறைத்தார்கள். ஒரு தொகுதிக் குட்டிகள் எல்லாம் வெளியேறிய பிறகு தரையைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, உலரவிட்டு, அப்புறமே அடுத்த தொகுதி. உலரவிடுவதுதான் கடினம், காலியாகக் கிடக்கும் கொட்டகை பணம் சம்பாதிக்காது.

வாசலில் ஒரு பெஞ்சு கிடக்கும். டென்மார்க்கின் பண்ணைகளால் பெயர் பெற்றது அந்த நுழைவு. இந்தப் பக்கம் வெளிச் செருப்பைக் கழற்ற வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தபடியே காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, கை கழுவி, பண்ணையின் உடையும் பூட்ஸும் மாட்ட வேண்டும். வெளிச்செருப்பின் தடம் உள்தரையில் பட்டுவிடக் கூடாது. நம் வீடுகளில் செருப்பை வாசலில் விடும் அதே சமாசாரம்தான், காரணம் கிருமி. பன்றியை ஏற்ற வரும் லாரிக்காரர் கொட்டகைக்குள் கால் வைக்கமாட்டார். தனி அறையில் கொண்டுவந்து விட்ட பன்றி மறுபடி உள்ளே திரும்பாது. வெளிநாட்டுக்குப் பன்றி கொண்டுபோன லாரி எல்லையில் கழுவப்பட்ட பிறகே நாட்டுக்குள் வரும். 2019-இல் ஜெர்மனி எல்லையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலியே போட்டுவிட்டார்கள், ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலைச் சுமக்கும் காட்டுப்பன்றி வந்துவிடக் கூடாதென்று. அது வைரஸ்; ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை.

இத்தோடு நிறுத்தினால் அட்டைக்குக் கோயில் கட்டியதாகிவிடும். அது பார்க்காத இடங்களும் உண்டு. பன்றியிலிருந்து மனிதருக்குத் தாவும், மெதிசிலினுக்கு அடங்காத ஒரு வகை ஸ்டாஃபிலோகாக்கஸ் உண்டு, சிசி398 என்பது அதன் எண். 2010-இல் சோதித்த டென்மார்க் பண்ணைகளில் 16 சதவீதத்தில் இருந்தது. 2014-இல் 68. அதற்குப் பிறகு இன்னும் மேலே. மருந்து குறைந்த அதே ஆண்டுகளில்தான் இது பரவியது. விற்கப்பட்ட குட்டிகளோடு கிருமியும் பண்ணைக்குப் பண்ணை பயணம் செய்தது. பேரேடு மருந்தைத்தான் எண்ணியது, லாரியை எண்ணவில்லை.

வேளைகளை எண்ணும் முறையிலும் ஓர் ஓட்டை இருந்தது. எந்த மருந்தானாலும் ஒரு வேளை ஒரு வேளைதான். சாதாரணப் பென்சிலினும், மனிதருக்குக் கடைசி நம்பிக்கையான மருந்தும் கணக்கில் ஒரே எடை. 2016-இல் அதைத் திருத்தினார்கள். செஃபலோஸ்போரின், ஃப்ளோரோகுயினலோன் வகைகளுக்குப் பத்து மடங்கு. டெட்ராசைக்ளினுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. கோலிஸ்டின் அடுத்த ஆண்டு பத்து மடங்குப் பட்டியலில் சேர்ந்தது. அதற்குக் காரணம் சீனா. கோலிஸ்டினை எதிர்க்கும், கிருமிக்குக் கிருமி கைமாறக்கூடிய எம்சிஆர்-1 என்ற மரபணுவை அங்கே பன்றிகளில் கண்டதாக 2015 நவம்பரில் செய்தி வந்திருந்தது. இந்தியா உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது 2019 ஜூலையில்.

இன்னொரு தப்பும் வழியும் இருந்தது. துத்தநாக ஆக்சைடு. பால் மறந்த குட்டியின் தீவனத்தில் முதல் இரண்டு வாரம் தாராளமாகக் கலந்தால் கழிச்சல் அடங்கும். அது ஆன்டிபயாட்டிக் இல்லை, ஆகவே வேளைக் கணக்கில் வராது. 2010-க்குப் பிறகு அதன் விற்பனை ஏறியதில் ஆச்சரியமில்லை. குட்டி அதில் பெரும்பகுதியைச் சாணமாக வெளியே தள்ளும். சாணம் வயலுக்குப் போகும். வயல் மண்ணில் துத்தநாகம் சேரும். போதாததற்கு, துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் அந்த சிசி398-இடம் கூடவே இருந்தது. டைலோசின் கதையேதான், வேறு வேஷத்தில்.

ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் முடிவெடுத்து, ஐந்தாண்டு அவகாசம் கொடுத்து, 2022 ஜூனில் மருந்தளவு துத்தநாகத்தை நிறுத்தியது. டென்மார்க்கின் குட்டிகள் மறுபடியும் 1999-இல் நின்ற இடத்தில் வந்து நின்றன: நான்காம் வாரம், தாய் இல்லை, துணைக்கு எதுவுமில்லை. 2022-இலும் அடுத்த ஆண்டும் வெட்ஸ்டாட்டில் நியோமைசின் கணக்கு மட்டும் தனியாக ஏறியது. குடலில் வேலை செய்யும் பழைய ஆன்டிபயாட்டிக் அது. எந்தப் பண்ணை, எந்த வயதுக் குட்டி, எந்த மாதம் என்று ஏட்டில் எல்லாம் பதிவாகியிருக்கிறது.